கண் அறுவை மயக்கவியலில் மேல்பயிற்சி: எதைக் கேட்டு வாங்கிக் கத்துக்கணும்?

கன்னங்குறிச்சி_மயக்கவியல்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.டி. மயக்கவியல் முடிச்சுட்டு சேலத்துல சில மருத்துவமனைகளுக்குப் போய்வர்றேன். பொது அறுவை, எலும்பு, பிரசவம் எல்லாம் கைப்பழக்கம் ஆயிடுச்சு. கண் தியேட்டர்தான் பிடிபடலை. நம்ம பக்கம் பிளாக்கை (கண்ணையும் அதைச் சுத்தியும் மட்டும் மரத்துப்போக வைக்கிறது) பெரும்பாலும் கண் டாக்டரே போட்டுடுறாங்க. குழந்தைக்கு முழு மயக்கம் தேவைப்பட்டாலோ, பெரியவங்களுக்கு பி.பி. எகிறினாலோதான் நம்மைக் கூப்பிடுறாங்க. அதனால மூணு மாசம் ஒதுக்கி, கண் மருத்துவமனையில முறையான பயிற்சி எடுக்கலாம்னு இருக்கேன்.

ஊசி பிளாக் முதல்ல கத்துக்கணுமா, சப்-டெனான் (கண்கோளத்தை மூடியிருக்கிற டெனான் சவ்வுக்கு அடியில மழுங்கல் குழாயால மருந்து விடுறது) முதல்லயா? சிக்கல் வந்தா முதல் சில நிமிஷத்துல கை என்ன செய்யணும்? குழந்தைகள், கண் கிழிஞ்ச திறந்த காயம், விழித்திரை அறுவை இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? ஒரு இடத்துல சேர்றதுக்கு முன்னாடி அங்க என்ன கேட்கணும்? "எத்தனை பிளாக் போட விடுவீங்க"ன்னு மட்டும் கேட்டுச் சேர்ந்தா சரியா இருக்குமா?

விவரமா எழுதினா உதவியா இருக்கும். நன்றிங்க.

சின்னக்கேனுலா:

டாக்டர், சப்-டெனான்ல ஆரம்பிங்க. கூர்முனை ஊசி உள்ள போகாததால கண்கோளம் துளைபடுற வாய்ப்பு வெகு குறைவு. பார்த்துச் செய்யற வேலை, கை சீக்கிரம் படியும். 1992-ல ஸ்டீவன்ஸ் கண்புரைக்கு விவரிச்ச முறைதான் இன்னைக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி எல்லா இடத்துலயும் ஓடுது.

செய்முறை இதுதான். 0.5% புரோபரகெய்ன் சொட்டு ரெண்டு மூணு தடவை. 5% போவிடோன் அயோடின் விட்டு, ஒரு நிமிஷமாவது காத்திருந்து, ஸ்பெகுலம் (இமையைத் திறந்து பிடிக்கிற கருவி) வைங்க. நோயாளியை மேலயும் வெளிப்பக்கமும் பார்க்கச் சொன்னா மூக்குப் பக்கத்துக் கீழ் மூலை திறந்து கிடைக்கும். லிம்பஸ்ல (கருவிழி முடியுற விளிம்பு) இருந்து 5 முதல் 7 மி.மீ. தள்ளி, கன்ஜங்டிவாவையும் (வெள்ளைவிழி மேல இருக்கிற மெல்லிய சவ்வு) அதுக்கு அடியில இருக்கிற டெனானையும் சேர்த்து மூர்ஃபீல்ட்ஸ் ஃபோர்செப்ஸால தூக்கி, வெஸ்காட் கத்திரியால ஒரு சின்ன வெட்டு. ரெண்டு மி.மீ.க்கு மேல வேண்டாம். பெரிசா வெட்டினா மருந்து வந்த வழியே திரும்பி வழியும், அசைவு நிக்காது.

இந்த இடத்துல எல்லாரும் அவசரப்படுவாங்க. வெட்டினதும் கேனுலாவை நுழைக்காதீங்க. கத்திரியை மூடினபடி உள்ள விட்டு, விரிச்சு எடுத்துப் பாருங்க. பளிச்சுனு வெள்ளையா ஸ்க்ளீரா (கண்கோளத்தோட வெளிச்சுவர்) தெரியணும். மேல இன்னும் மெல்லிசா ஒரு சவ்வு மினுங்கினா டெனான் இன்னும் வெட்டுப்படலைன்னு அர்த்தம். அதுக்கு மேல மருந்தை விட்டா கன்ஜங்டிவா மட்டும் உப்பிக்கும், கண் அசைஞ்சுட்டே இருக்கும், அறுவை பண்றவருக்கும் தொல்லை.

ஸ்க்ளீரா தெரிஞ்ச பிறகு 19 கேஜ், 25 மி.மீ. வளைந்த மழுங்கல் கேனுலாவைக் கண்கோளத்தோட வளைவை ஒட்டியே பின்னால நகர்த்துங்க. நடுவட்டம் தாண்டினதும் 3 முதல் 5 மி.லி. மருந்தை மெதுவா விடுங்க. வழியில தடுத்தா தள்ளக் கூடாது. அரை மி.லி. மருந்தை விட்டா அந்த அழுத்தத்துல இடம் பிரியும், பிறகு நகர்த்தலாம். அப்பவும் போகலைன்னா திசையை மாத்துங்க. ஏற்கெனவே விழித்திரைக்காக வெளியில பக்கிள் (பட்டை) வெச்ச அறுவையோ மாறுகண் அறுவையோ நடந்த கண்ணுல தழும்பு ஒட்டிப் போய் ஸ்க்ளீரா மெலிஞ்சிருக்கும். அங்க மழுங்கல் கேனுலாவே துளைச்சுடலாம்.

பயிற்சிக்குப் போற இடத்துல வெட்லேப் உண்டான்னு கேளுங்க. ஆட்டுக் கண்ணுல இந்த வெட்டையும் கேனுலா நகர்த்தலையும் நல்லாப் பழகிட்டு மனுஷக் கண்ணுக்குப் போறதுதான் நோயாளிக்கு நியாயம்.

ஃபேகோ_சேலம்:

கண் அறுவை செய்பவன் பக்கமிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன வரிசை சரி. ஆனால் ஊசி பிளாக்கையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சப்-டெனான் செய்ய முடியாத கண்கள் இருக்கின்றன, விழித்திரை அறுவையில் முழு அசைவின்மை கேட்பவர்களும் உண்டு.

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பு பயோமெட்ரி (கண் அளவு) தாளை எடுங்கள். ஆக்சியல் லெங்த், அதாவது கண்ணின் முன்-பின் நீளம், எவ்வளவு என்று பாருங்கள். சராசரிக் கண் 23.5 மி.மீ. சுமார். 26 மி.மீ. தாண்டினால் அது நீண்ட கண். பின்புறம் ஸ்க்ளீரா புடைத்துத் தொங்கும் ஸ்டாஃபிலோமாவும் கூட இருக்கலாம். அந்தக் கண்ணுக்கு ஊசி வேண்டாம், சப்-டெனானோ சொட்டு மருந்து மயக்கமோ போதும். கண்புரைக்கு வருகிற எல்லோருக்கும் லென்ஸ் கணக்குக்காக இந்த அளவு எப்படியும் எடுத்திருப்பார்கள். தாள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும், மயக்கவியல் பக்கம் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. நோயாளியின் பழைய கண்ணாடியை வாங்கிப் பார்த்தாலும் கிட்டப்பார்வை எவ்வளவு என்று ஓரளவு தெரியும்.

பெரிபல்பர் முறை (கண்கோளத்தைச் சுற்றி மருந்து விடும் ஊசி பிளாக்) 1986-ல் டேவிஸும் மேண்டலும் எழுதியது. 25 கேஜ், 25 மி.மீ. ஊசி. ஒன்றரை அங்குல ஊசியைத் தட்டில் வைக்கவே விடாதீர்கள். கண்குழி எல்லோருக்கும் ஒரே ஆழம் இல்லை. ஆழம் குறைந்த கண்குழியில் 38 மி.மீ. ஊசி பார்வை நரம்பு வரை எட்டிவிடும். நோயாளி நேரே கூரையைப் பார்க்க வேண்டும். பழைய புத்தகங்களில் "மேலேயும் மூக்குப் பக்கமும் பார்" என்று இருக்கும். அது 1936-ல் அட்கின்சன் சொன்னது. அப்படிப் பார்த்தால் பார்வை நரம்பு இழுபட்டு ஊசி வரும் வழியிலேயே வந்து நிற்கிறது என்று 1981-ல் சி.டி. ஸ்கேன் வைத்துக் காட்டிவிட்டார்கள். இன்றும் சிலர் பழக்கத்தில் அப்படிச் சொல்வதைப் பார்ப்பீர்கள். அதைக் கற்றுக்கொண்டு வராதீர்கள்.

நுழையும் இடம் கீழ் வெளி மூலை, எலும்பு விளிம்பை ஒட்டி. ஊசியின் சாய்முகம் கண்கோளத்தைப் பார்த்து இருக்கட்டும். கண்குழியின் தரைக்கு இணையாக, நேர் பின்னால். மேல்நோக்கித் திருப்ப வேண்டாம். பின்னிழுத்துப் பார்த்து ரத்தம் இல்லை என்றால் 5 மி.லி. வரை, 10 விநாடிக்கு 1 மி.லி. வேகத்தில். இமை இறுகுகிறதா என்று இடது கை விரல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். 5 நிமிடம் கழித்து நான்கு திசையிலும் அசைவைச் சோதியுங்கள். உள்பக்கம் மட்டும் அசைந்தால் கேரங்கிள் (மூக்குப் பக்கத்துக் கண் மூலையில் இருக்கும் சிவந்த சதை) அருகே 3 மி.லி. கூடுதலாகப் போடலாம். மேல் மூக்குப் பக்கத்து மூலைக்கு ஊசி வேண்டவே வேண்டாம்: இடம் குறுகல், ரத்தக் குழாய்கள் அங்கேதான், டிராக்லியாவும் (கண் தசை ஒன்று சுற்றி வரும் கப்பி) அங்கேதான்.

மருந்துக் கலவை: 2% லிக்னோகெய்னும் 0.5% பியூபிவக்கெய்னும் சரிபாதி. மருந்து பரவ உதவும் நொதியான ஹையலுரோனிடேஸில்தான் கணக்குத் தப்புகிறது. ஒரு மி.லி.க்கு 15 யூனிட் போதும். 1500 யூனிட் குப்பியை 10 மி.லி. சலைனில் கரைத்தால் மி.லி.க்கு 150. அதில் அரை மி.லி. எடுத்து, மொத்தம் 5 மி.லி. வரும்படி கலவையில் சேர்த்தால் கணக்கு சரி. முழுக் குப்பியையும் 30 மி.லி. லிக்னோகெய்ன் பாட்டிலில் கொட்டினால் மி.லி.க்கு 50 யூனிட் ஆகிறது, தேவையே இல்லை. குப்பி குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் காலத்து சேலத்தில் தியேட்டர் அலமாரியில் கிடந்த குப்பியை நம்பாதீர்கள். ஹையலுரோனிடேஸ் வேலை செய்யாவிட்டால் மருந்து பரவாமல் தசையிலேயே தேங்கும். கீழ் நேர்த்தசை நச்சுப்பட்டு, அறுவை முடிந்து வாரக் கணக்கில் ஒன்று இரண்டாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். மாறாக, அறுவை முடிந்து சில மணி நேரத்திலோ மறுநாளோ கண்குழி வீங்கிச் சிவந்தால் அது ஒவ்வாமையாகவும் இருக்கலாம், தொற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பற்றியும் ஒரு வரி. ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதைக் காட்டும் அளவு) அவருக்குரிய வரம்புக்குள் இருந்தால் நிறுத்தாமலே சப்-டெனானிலோ சொட்டு மருந்திலோ முடித்துவிடலாம். வால்வு மாற்றியவருக்குக் கண்புரைக்காக மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் தள்ளுவதுதான் பெரிய ஆபத்து.

கொலுசுப்பட்டறை:

சிக்கல் பற்றிக் கேட்டிருந்தீங்க. மூணு விஷயத்தை ஆளோட ஆள் ஒத்திகை பார்த்து வைக்கணும். பயிற்சி மையத்துல இந்த ஒத்திகை நடக்குதான்னு கேட்டுட்டே சேருங்க.

முதல்ல, கண்ணுக்குப் பின்னால ரத்தக்கசிவு. ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்துல கண் முன்னால தள்ளும், இமையைத் திறக்க முடியாது, தொட்டா கல்லாட்டம் இறுகியிருக்கும். சிரை ரத்தம்னா பஞ்சு வெச்சு விட்டு விட்டு அழுத்தினா நிக்கும். தமனின்னா நிக்காது. விழித்திரை ரத்தக்குழாய் துடிக்குதா, ஓட்டம் இருக்கான்னு கண் டாக்டர் பார்க்கணும், நீங்க கேட்டுப் பார்க்க வைக்கணும். ஓட்டம் இல்லைன்னா வெளி ஓரத்துல கேந்தாட்டமி (இமைகள் சேர்ற ஓரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது): ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால நசுக்கிப் பிடிச்சு, எலும்பு விளிம்பு வரைக்கும் சுமார் 1 செ.மீ. வெட்டு, பிறகு கீழ் இமையைக் கட்டியிருக்கிற தசைநாணையும் வெட்டி விடணும். கூடவே அசிட்டசோலமைடு 500 மி.கி. நரம்புல, மானிட்டால் 20% கிலோவுக்கு 1 கிராம். 50 கிலோ ஆளுக்கு 250 மி.லி., 20-30 நிமிஷத்துல ஓடணும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கு மானிட்டாலை யோசிச்சுத்தான் போடணும். விழித்திரை ரத்தம் இல்லாம ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்னு வெச்சு வேலை பாருங்க. அன்னைக்கு அறுவையைத் தள்ளிப் போடுறதுல வெட்கம் ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது, மருந்து பார்வை நரம்போட உறைக்குள்ள போய் மூளைத்தண்டுக்கு ஏறுறது. இதைத்தான் நாம கண்டுபிடிக்கணும், ஏன்னா அந்த நேரத்துல கண் டாக்டர் மைக்ராஸ்கோப்புல இருப்பார், நோயாளி முகம் துணிக்குள்ள இருக்கும். ஊசி போட்டு 2 முதல் 20 நிமிஷத்துக்குள்ள வரும். முதல் அறிகுறி பெரும்பாலும் பேச்சுதான். கேட்ட கேள்விக்குக் குழறி பதில் சொல்வார், இல்ல சொல்லவே மாட்டார். ஊசி போடாத இன்னொரு கண்ணுலயும் பார்வை போய் பியூப்பில் (கண்மணி) விரிஞ்சிருக்கும். நடுக்கம், பி.பி. ஏற்ற இறக்கம், பிறகு மூச்சு நிக்கும். துணியைக் கிழிச்சு எறிஞ்சுட்டு பேக்-மாஸ்க்ல மூச்சு கொடுங்க, தேவைப்பட்டா டியூப். பி.பி.யையும் நாடியையும் தாங்கிப் பிடிச்சா பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ள முழுசா மீண்டுடுவார். மாத்து மருந்துன்னு ஒண்ணும் இல்லை, விட்டுடாம மூச்சு கொடுக்கிறதுதான் வைத்தியம். அதனால ஊசி பிளாக் போட்ட எல்லாருக்கும் கையில ரத்த நரம்புல போடுற கேனுலா முன்கூட்டியே இருக்கணும். போட்டதும் வார்டுல உட்கார வெச்சுட்டுப் போற பழக்கம் இருந்தா அதை நிறுத்தச் சொல்லுங்க.

மூணாவது, மருந்து போகும்போதே வலிப்பு வந்தா அது நேரா தமனிக்குள்ள போனது. அதுக்கு 20% லிப்பிடு (கொழுப்புக் கரைசல்), கிலோவுக்கு 1.5 மி.லி. முதல் அளவு. இந்தப் பை எந்த அலமாரியில இருக்குன்னு இரவுப் பணி நர்ஸுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இந்த மூணைத் தவிர, கண்கோளம் துளைபட்டா: ஊசி போகும்போதே கடும் வலி, மருந்து தள்ளும்போது தடை, கண் திடீர்னு மெத்துனு ஆகும் இல்ல திடீர்னு இறுகும். சந்தேகம் வந்தாலே தள்ளுறதை நிறுத்தி, அன்னைக்கே விழித்திரை நிபுணரைப் பார்க்க வைங்க.

மயக்கத் தூக்க மருந்து பத்தி ஒண்ணு சொல்லணும். மிடசோலம் அரை மி.கி., மிஞ்சினா ஒரு மி.கி. அதுக்கு மேல போனா வயசானவங்க துணிக்குள்ள குறட்டை விட்டுத் தூங்கி, திடுக்குனு விழிச்சுத் தலையை ஆட்டுவாங்க. அப்ப கண்ணுக்குள்ள கருவி இருக்கும். பிளாக் பிடிக்கலைன்னா திரும்பப் போடணுமே தவிர தூக்க மருந்தால மூடி மறைக்கக் கூடாது. மேசையில ஏத்துறதுக்கு முன்னாடி சிறுநீர் போகச் சொல்லுங்க. பாதி அறுவையில பி.பி. 200-க்குப் போறதுக்கு நிறைஞ்ச சிறுநீர்ப்பையே காரணமா இருக்கலாம், நாம நாடி பிடிச்சு மருந்து தேடிட்டு இருப்போம்.

குழந்தைக்கண்:

குழந்தைகள் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மூன்று மாதத்தில் ஒரு மாதம் இதற்குக் கேளுங்கள்.

மாறுகண் அறுவையில் தசையை இழுத்த நொடியில் நாடி விழும். ட்ரைஜெமினல் வழியாகப் போய் வேகஸ் வழியாகத் திரும்புகிற அனிச்சை அது. மானிட்டர் ஒலியைக் கேட்கும்படி வையுங்கள். முதல் மருந்து வாய்ச்சொல்தான்: "டாக்டர், விடுங்க." விட்டதும் நாடி ஏறும். பிறகு மயக்கம் போதிய ஆழத்தில் இல்லாமல் இருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இந்த அனிச்சையைக் கூட்டும். திரும்பத் திரும்ப வந்தால் அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். வாந்தி அதிகம் என்பதால் டெக்சாமெத்தசோன் 0.15 மி.கி., ஒன்டான்செட்ரான் 0.1 மி.கி., இரண்டும் கிலோவுக்கு. ஏற்காடு போகிற குழந்தை என்றால் அன்று மாலையே 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றிவிடாமல் கீழே தங்க வைப்பது நல்லது.

குறைமாதத்தில் பிறந்து விழித்திரைக்கு சிகிச்சைக்கு வரும் சிசுக்களுக்கு, கருவுற்ற கணக்கில் 60 வாரம் முடியாதவரை, முழு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்று போகும் ஆபத்து இருக்கிறது. ராத்திரி மானிட்டரில் வைக்க என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை) படுக்கை உறுதியான பிறகே மயக்கம் கொடுங்கள்.

திறந்த காயம் சேலத்துக்கு முக்கியம். பட்டறைகளும் லேத்துகளும் இருக்கிற ஊர், இரும்புத் துகள் தெறித்து வருவார்கள், வயிறும் நிறைந்திருக்கும். பிளாக் வேண்டாம், கண்குழிக்குள் மருந்து சேரும் அழுத்தத்தில் கண்ணுக்குள் இருப்பது வெளியே வரும். டியூப் போடத் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் கண் அழுத்தத்தைச் சுமார் 8 மி.மீ. பாதரச அளவுக்குச் சில நிமிடம் ஏற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அரைகுறை மயக்கத்தில் டியூப் போட்டு இருமினால் அதைவிடப் பல மடங்கு ஏறும். இன்னொரு தசைத் தளர்த்தியான ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுத்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். மாஸ்க்கின் விளிம்பு காயப்பட்ட கண்ணில் அழுந்தாமல் பிடிப்பது யாராவது கையைப் பிடித்துச் சொல்லித் தந்தால்தான் வரும்.

கன்னங்குறிச்சி_மயக்கவியல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஏற்காடு பேச்சு வந்ததால ஒரு கேள்வி. விழித்திரை அறுவையில கண்ணுக்குள்ள வாயு வெச்சு அனுப்புறவங்க விமானத்துல போகக் கூடாதுன்னு படிச்சிருக்கோம். மலைக்கு ஏறுறதுக்கும் அதே கணக்கா? எஸ்டேட் ஆட்கள் அடிக்கடி வர்றாங்களே.

சின்னக்கேனுலா:

அதே கணக்குதான் டாக்டர், அளவு மட்டும் குறைவு. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 735-ல இருந்து 635 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கும். வாயு சுமார் 16 சதவீதம் விரியும். மலைப்பாதையில ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறிடுறாங்க, அந்த வேகத்துக்குக் கண்ணுல இருந்து நீர் வடிஞ்சு இடம் கொடுக்க முடியாது. குமிழி பெரிசா இருந்தா கண் அழுத்தம் ஏறி வலி, வாந்தி, பார்வை இருட்டு வரைக்கும் போகும். க்ளாக்கோமா இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம்.

குமிழி கரைய, காற்று மட்டும்னா ஒரு வாரம் சுமார். எஸ்.எஃப்.6 வாயுன்னா ரெண்டு வாரம் சுமார். சி3.எஃப்.8 வாயுன்னா ஆறு முதல் எட்டு வாரம். குமிழி முழுசா கரைஞ்சதுன்னு கண் டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் மலையேற வேண்டாம். அறுவைக்கு முன்னாடியே ஊரைக் கேட்டுட்டா சிலிகான் எண்ணெய் வைக்கலாமான்னு அவங்க யோசிக்க இடம் இருக்கும், எண்ணெய் இப்படி விரியாது. கேட்கிறப்ப "எந்த ஊரு"ன்னு மட்டும் கேட்டா "சேலம்"னுதான் சொல்வாங்க. "வீடு மலை மேலயா, கீழயா"ன்னு கேளுங்க. கொல்லிமலை, கல்வராயன்மலை ஆட்களுக்கும் இதேதான்.

நமக்கு இன்னொண்ணு. குமிழி இருக்கிற ஆள் விழுந்து கால் உடைஞ்சு, வேற மருத்துவமனையில முழு மயக்கத்துக்குப் போகலாம். நைட்ரஸ் ஆக்சைடு ரத்தத்துல நைட்ரஜனைவிட 30 மடங்குக்கு மேல கரையும், குமிழிக்குள்ள வேகமா புகுந்து உப்ப வைக்கும். பார்வை நிரந்தரமா போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கு. வாயு வைக்கிற அறுவையிலயே நைட்ரஸ் ஓடிட்டிருந்தா வைக்கிறதுக்கு 15-20 நிமிஷம் முன்னாடி நிறுத்தணும். முதல்லயே சேர்க்காம இருக்கிறது இன்னும் எளிசு. கையில பட்டை கட்டி, "கண்ணில் வாயு உள்ளது, நைட்ரஸ் ஆக்சைடு கூடாது, மலைப் பயணம் கூடாது"ன்னு வாயுவோட பேரையும் தேதியையும் சேர்த்துத் தமிழ்ல எழுதி விடுங்க.

ஃபேகோ_சேலம்:

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. எத்தனை பிளாக் என்பதைக் கேளுங்கள், ஆனால் அதோடு இவற்றையும் கேளுங்கள்: நானே செய்வேனா, நின்று பார்ப்பேனா? பக்கத்தில் மூத்தவர் இருப்பாரா? விழித்திரை, குழந்தைகள் இரண்டு தியேட்டருக்கும் முறை போடுவீர்களா? மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்போது நான் பிளாக் போட்ட கண்ணை நானே பார்க்க விடுவீர்களா? இமை தொங்கியிருக்கிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, வெண்படலத்தில் ரத்தம் எவ்வளவு என்று மறுநாள் பார்க்காதவருக்குத் தன் கை எப்படி என்று தெரியாது. பதிவேட்டில் ஆக்சியல் லெங்த், எந்த மூலை, எத்தனை மி.லி., 5 நிமிடத்தில் அசைவு, கூடுதல் ஊசி தேவைப்பட்டதா, மறுநாள் நிலை என்று ஒரு வரிக்கு ஆறு கட்டம் போட்டு முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். சேலம் திரும்பி வந்து "இனி பிளாக்கை நான் போடுகிறேன்" என்று கண் டாக்டரிடம் கேட்கும்போது அந்தப் பதிவேட்டைத்தான் அவர் முதலில் வாங்கிப் பார்ப்பார்.